முதலில் எறியச் சொல்லிக்கொடுப்போம்: ஊர்ப் பொட்டலும் பிள்ளைகளின் அடிப்படை அசைவுகளும்

கோயில் கொடைக்கோ பொங்கலுக்கோ விளையாட்டுப் போட்டி வைக்காத ஊர் திருநெல்வேலிச் சீமையில் குறைவு. டியூப் லைட் கட்டி, மைக் செட் போட்டு, விடிய விடியக் கபடி நடக்கும். மணத்தி கிராமத்துக் கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் ஆடியவர். 1995இல் அர்ஜுனா விருது பெற்றார். கோவில்பட்டியில் ஹாக்கி மட்டை பிடித்து வளர்ந்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்திய அணிக்கே போனார். பாளையங்கோட்டை அண்ணா விளையாட்டரங்கத்துக்குக் காலையில் போய்ப் பார்த்தால் ஓடுகிறவர்களுக்கும் பந்தடிக்கிறவர்களுக்கும் குறைவிருக்காது.

அதே கபடிக் களத்தைச் சுற்றி முன்வரிசையில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற சின்னப் பிள்ளைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, "அந்த வேப்பமரம் வரைக்கும் எறி" என்று சொல்லுங்கள். நேராக நின்றபடி, காலை நகர்த்தாமல், முழங்கையை மட்டும் மடக்கி நீட்டிப் பந்தைத் தள்ளிவிடுகிற பிள்ளைகள் நிறையப் பேர். பத்தடிக்கு அப்பால் பந்து போகாது. திருப்பி வீசினால் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பிள்ளைக்குத் தெம்பில்லை என்று நாம் நினைத்துக்கொள்வோம். எறியவும் பிடிக்கவும் யாரும் அதற்குச் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதுதான் உண்மை.

சொல்லிக்கொடுக்க வேண்டும், ஊரே சேர்ந்து அதைச் செய்ய முடியும். அது எப்படி என்பதைத்தான் இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

அந்த அசைவுகள் எவை?

கபடி, கிரிக்கெட், வாலிபால் என்று நாம் பேர் சொல்லும் ஆட்டங்கள் எல்லாம் பிறகு வருபவை. அவற்றுக்கு முன்னால் பிள்ளையின் உடம்பு சில அசைவுகளைக் கற்றிருக்க வேண்டும். உடற்கல்வியில் இவற்றை அடிப்படை அசைவுத் திறன்கள் என்பார்கள். எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளையிடம் கட்டுரை எழுதச் சொல்ல முடியாது. இந்த அசைவுகள் கைவராத பிள்ளையை ஆட்டத்தில் இறக்குவதும் அப்படித்தான்.

இவற்றை மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள்.

இடம்விட்டு இடம் நகர்கிற அசைவுகள் ஒரு வகை. ஓடுவது, இரண்டு காலாலும் குதிப்பது, நொண்டி அடிப்பது, ஒரே காலை முன்னால் வைத்துக் குதிரை போல ஓடுவது, பக்கவாட்டில் ஓடுவது, ஓர் எட்டும் ஒரு நொண்டியுமாகக் காலை மாற்றி மாற்றித் துள்ளிப் போவது, ஓடிவந்து வாய்க்காலைத் தாண்டுவது எல்லாம் இதில் அடங்கும். கபடியில் பாடிப்போகிறவரின் காலை மட்டும் பாருங்கள். முக்கால்வாசி நேரம் அவர் பக்கவாட்டில்தான் ஓடிக்கொண்டிருப்பார்.

பொருளைக் கையாளுகிற அசைவுகள் இன்னொரு வகை: எறிவது, பிடிப்பது, உதைப்பது, மட்டையால் அடிப்பது, பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே போவது, உருட்டிவிடுவது.

மூன்றாவது, நிலைகுலையாமல் உடம்பை வைத்துக்கொள்வது. ஒற்றைக் காலில் நிற்பது, வரப்பில் நடப்பது, இடுப்பைத் திருப்புவது, குனிந்து எழுவது, உயரத்திலிருந்து குதிக்கும்போது முழங்காலை மடக்கி இறங்குவது. பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆனால் மற்ற இரண்டு வகைக்கும் அடியில் இருப்பது இதுதான். நொண்டியே ஒற்றைக் காலில் நிற்கத் தெரிந்த பிள்ளைக்குத்தானே வரும்.

ஏறக்குறைய மூன்று வயதிலிருந்து எட்டு வயது வரை இவற்றைக் கற்றுக்கொடுக்க நல்ல பருவம். "வளர வளரத் தன்னால வந்திரும்" என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. நடை தன்னால் வருகிறது, ஓட்டமும் ஓரளவு வந்துவிடும். எறிவதும் பிடிப்பதும் அடிப்பதும் அப்படி வருவதில்லை. பழகினால்தான் வரும், அதுவும் யாராவது பார்த்துத் திருத்தினால்தான் முழுசாக வரும்.

எறிதலைக் கிட்டே போய்ப் பார்ப்போம்

எல்லா அசைவையும் இப்படி விரித்துச் சொன்னால் கட்டுரை புத்தகமாகிவிடும். எறிதல் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இதைப் பார்க்கத் தெரிந்துகொண்டால் மற்றவற்றையும் பார்க்கக் கண் பழகிவிடும்.

கைக்குப் பந்து வந்த புதிதில் பிள்ளை இலக்கைப் பார்த்து நெஞ்சு நிமிர்த்தி நேராக நிற்கும். கால் இரண்டும் தரையில் ஒட்டியிருக்கும். வேலை செய்வது முழங்கை மட்டும். கொஞ்சம் பழகியதும் ஒரு காலை முன்னால் வைக்கும். ஆனால் வலது கையால் எறிகிற பிள்ளை வலது காலையே முன்னால் வைக்கும். கையும் காலும் ஒரே பக்கம் போனால் இடுப்பு திரும்ப வழியில்லை. உடம்பின் வேகம் கைக்கு வராது. அடுத்த படியில்தான் கால் மாறுகிறது. வலது கையால் எறியும்போது இடது கால் முன்னே வரும். உடனே இடுப்பும் தோளும் பின்னால் திரும்பி, எறியாத பக்கம் இலக்கைப் பார்க்கும். கை முதலில் கீழே இறங்கிப் பின்னால் சுற்றி மேலே வரும். பந்து போன பிறகும் கை நிற்காமல் எதிர்ப்பக்க இடுப்பை நோக்கிக் குறுக்கே இறங்கும்.

இதை எப்படிச் சொல்லிக்கொடுப்பது? பிள்ளையிடம் போய் "இடுப்பைச் சுழற்று, எடையை மாற்று" என்றால் அதற்கு ஒன்றும் புரியாது. பக்கவாட்டில் நிற்கவைத்து, மண்ணில் ஒரு கோடு கிழித்து, "இந்தக் காலால கோட்டைத் தாண்டி ஒரு எட்டு வச்சு எறி மக்கா" என்றால் போதும். அந்த ஒரு எட்டு மீதியை இழுத்துக்கொண்டு வரும். கூடவே, தூரமாக எறியச் சொல்ல வேண்டும். பக்கத்தில் இருக்கிற டப்பாவை அடிக்கச் சொன்னால் பிள்ளை கவனமாக முழங்கையால் தள்ளும். குறிபார்ப்பதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதல் சில வாரம் பலம்கொண்ட மட்டும் எறியவிட வேண்டும்.

எங்கள் ஊர்ப் பொட்டலில் நாங்கள் சில பேர் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமைதோறும் பிள்ளைகளை விளையாடவைக்கிறோம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி வாரக்கணக்கில் பந்தை வாங்காமல் ஓரமாகவே நின்றாள். பந்துக்குப் பதிலாகப் புளியமுத்து நிரப்பிய துணிப்பை ஒன்றைக் கொடுத்துக் கோட்டில் நிற்கவைத்தோம். அதைச் சுவரில் எறிந்தால் 'சொத்'தென்று சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்துக்காகவே திரும்பத் திரும்ப எறிந்தாள். கால் தானாக மாறியது. அவளுடைய ஆச்சி வந்து பார்த்துவிட்டு, "இம்புட்டு நாளா இந்தக் கையி எங்க இருந்துச்சு?" என்று கேட்டார்.

ஒரு திறனை எடைபோடும்போது பந்து எவ்வளவு தூரம் போனது என்பதைவிட உடம்பு எப்படி அசைந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அமெரிக்கப் பேராசிரியர் டேல் உல்ரிச் 1985இல் வெளியிட்ட சோதனை இந்த முறையில்தான் அமைந்தது. மூன்று முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்கான அந்தச் சோதனையைத் திருத்திய வடிவில் இன்றும் பல நாடுகளில் பயன்படுத்துகிறார்கள். எதிர்க்கால் முன்னே வந்ததா, இடுப்பு திரும்பியதா, கை குறுக்கே இறங்கியதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து ஆம், இல்லை என்று குறித்துக்கொள்வார்கள். வளர்ந்த உடம்புள்ள பிள்ளை தப்பான முறையில் எறிந்தாலும் தூரம் போகும். தூரத்தை மட்டும் பார்த்தால் அந்தத் தப்பு நம் கண்ணுக்குப் படாது.

ஆயுசு முழுக்க என்ன பயன்?

மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இருந்த வெர்ன் சீஃபெல்ட் 1980இல் ஒரு கருத்தை முன்வைத்தார். அடிப்படை அசைவுகளுக்கும் பிற்கால விளையாட்டுகளுக்கும் நடுவே ஒரு தடுப்பு இருக்கிறது. சிறுவயதில் போதிய திறன் சேராதவர்கள் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடுகிறார்கள் என்றார். நம் ஊரில் இதைப் பார்ப்பது எளிது. பத்து வயதுப் பையன் ஒருவனுக்குப் பந்து பிடிக்க வராது. கிரிக்கெட்டில் அவனை யாரும் அணியில் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் பந்து வராத இடத்தில் நிறுத்துகிறார்கள். பந்து வராததால் பழக்கம் கிடைப்பதில்லை. பழக்கம் இல்லாததால் அடுத்த வருடம் இன்னும் பின்தங்குகிறான். பன்னிரண்டு வயதில் "எனக்கு விளையாட்டு பிடிக்காது" என்று சொல்லிவிட்டு போனை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறான். பிடிக்காது என்று அவன் சொல்வதன் அடியில் வராது என்கிற வருத்தம் இருக்கிறது.

2008இல் டேவிட் ஸ்டாடனும் உடனிருந்த ஆய்வாளர்களும் இந்தச் சங்கிலியை விரித்து எழுதினார்கள். திறன் உள்ள பிள்ளை அதிகம் விளையாடுகிறது, விளையாடுவதால் திறனும் உடல்திடமும் கூடுகின்றன, தன்னால் முடியும் என்ற நினைப்பும் கூடுகிறது. திறன் குறைந்த பிள்ளைக்கு எல்லாம் தலைகீழாக நடக்கிறது. இதில் வயதைப் பற்றிய ஒரு செய்தி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆறு ஏழு வயது வரை பிள்ளைகள் தங்கள் திறமையை உள்ளதைவிட அதிகமாகவே நினைத்துக்கொள்கிறார்கள். ஐந்து வயதுப் பிள்ளை பத்து முறை பந்தைத் தவறவிட்டாலும் "நான்தான் நல்லாப் பிடிச்சேன்" என்று ஓடிவரும். அந்தத் துணிச்சல் இருக்கும்போதே கற்றுக்கொடுத்துவிட வேண்டும். எட்டு ஒன்பது வயதில் அடுத்த பிள்ளையோடு ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடும், தவறவிடக் கூச்சப்படும்.

உலக சுகாதார நிறுவனம் 2020இல் தந்த வழிகாட்டுதல்படி 5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும்படி ஓடியாட வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தரவுகளை வைத்து அந்த நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கணக்கிட்டபோது, உலகில் 11 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேர் அந்த அளவை எட்டவில்லை. வீட்டில் பிள்ளையைப் பார்த்து "போய் விளையாடு" என்று நாம் எல்லாரும் சொல்லத்தான் செய்கிறோம். விளையாடத் தேவையான அசைவுகள் கையில் இல்லாத பிள்ளை எங்கே போய் எதை விளையாடும்?

முன்னெல்லாம் பொட்டலே கற்றுக்கொடுத்தது

பழைய ஆட்டங்களை இந்தக் கண்ணோடு ஒருமுறை பாருங்கள். பாண்டி ஆட்டத்தில் சில்லைக் குறிபார்த்துக் கட்டத்துக்குள் போட வேண்டும், நொண்டி அடித்துப் போக வேண்டும், ஒற்றைக் காலில் நின்றபடியே குனிந்து சில்லை எடுக்க வேண்டும். மூன்று வகைத் திறனும் ஒரே ஆட்டத்தில் வந்துவிடுகின்றன. கிளித்தட்டில் பக்கவாட்டு ஓட்டமும் சட்டென்று திசை மாற்றுவதும் இருக்கின்றன. செல்லாங்குச்சி முழுக்க முழுக்க அடிக்கிற பயிற்சி. மேலே எழும்பி வருகிற சின்னக் குச்சியை அடிக்கக் கண்ணும் கையும் எவ்வளவு ஒத்துப்போக வேண்டும்! நுங்கு வண்டியும் சைக்கிள் டயரும் ஓட்டிய பிள்ளைகள் ஓடிக்கொண்டே ஒரு பொருளைக் கட்டுக்குள் வைக்கப் பழகினார்கள். பனைமட்டையைச் செதுக்கி பேட்டாக்கி ஆடியவர்கள் இன்று நாற்பது ஐம்பது வயதில் நம் நடுவேயே இருக்கிறார்கள்.

ஆனாலும் அந்தக் காலத்தை அப்படியே திரும்பக் கொண்டுவந்தால் போதும் என்று நான் நினைக்கவில்லை. பெண்பிள்ளைகள் பாண்டியும் சுட்டிக்கல் என்கிற ஐந்தாங்கல்லும் ஆடினார்கள். தூரமாக எறிவதும் மட்டையால் அடிப்பதும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. வயதுக்கு வந்ததும் அந்தப் பாண்டியும் நின்றுபோனது. எறிவது, அடிப்பது போன்றவற்றில் பையன்கள் முன்னே நிற்பதாகப் பல நாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன. பழகக் கிடைக்கும் வாய்ப்பில் உள்ள வித்தியாசம் அதற்கு ஒரு பெரிய காரணம். கால் சரியில்லாத பிள்ளையும் கண் தெரியாத பிள்ளையும் அந்தப் பொட்டலில் எப்போதும் வேடிக்கை பார்க்கிற இடத்திலேயே இருந்தார்கள். சாதி பார்த்து ஒதுக்கிய பொட்டல்களும் இருந்தன. இன்று ஒரு திட்டமாக இதைச் செய்யும்போது இவை எல்லாவற்றையும் தெரிந்தே மாற்ற வேண்டும்.

சமூக விளையாட்டுத் திட்டம் என்றால்

ஊர்க்காரர்களே நடத்துகிற, எல்லாப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்கிற, ஆள் பொறுக்காத விளையாட்டு நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோச்சிங் வேறு, இது வேறு. கோச்சிங்கில் ஓர் ஆட்டத்தை எடுத்து, வருகிற பிள்ளைகளில் தேறுகிறவர்களைப் பிரித்து, போட்டிக்குத் தயார் செய்வார்கள். அதுவும் வேண்டியதுதான். ஆனால் ஆறு வயதில் ஆள் பொறுக்கத் தொடங்கினால் நமக்குக் கிடைப்பது அந்த வருடம் கொஞ்சம் உயரமாக வளர்ந்த பிள்ளை மட்டுமே.

ஆஸ்திரேலியாவில் 2005 முதல் 2014 வரை அரசே இப்படி ஒரு திட்டத்தை நடத்தியது. தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்ட பிறகு இலவசமாக விளையாட்டு நேரம் கொடுத்தார்கள். விளையாடிக்கொண்டே கற்பது என்பதுதான் அதன் அடிப்படை. உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே நடத்தவைத்தார்கள். நமக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. கபடிக் குழுவோ வாலிபால் அணியோ இளைஞர் மன்றமோ இல்லாத ஊர் இங்கே இல்லை. சாயங்காலம் ஆடுகிற அந்த அண்ணன்மார் வாரத்துக்கு ஒரு மணி நேரத்தைச் சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுத்தால் திட்டம் தொடங்கிவிட்டது.

இடம்: ஊர்ப் பொட்டல், பள்ளி மைதானம், கோயில் திடல், சர்ச் வளாகம், எது கிடைத்தாலும் சரி. பிசானப் பருவத்து நெல் அறுவடை முடிந்து காய்ந்த வயல் நொண்டிக்கும் குதிக்கவும் அருமையான தரை. தாமிரபரணிக் கரையில் இருக்கிற ஊர் என்றால், தண்ணீர் வற்றிய நாளில் ஆற்று மணலில் குதித்து இறங்கப் பழக்கலாம், விழுந்தாலும் அடிபடாது. நீரோட்டம் உள்ள பக்கம் மட்டும் போகவே கூடாது. எந்தத் தரையானாலும் முதல் வேலை உடைமுள்ளையும் நெருஞ்சியையும் கண்ணாடிச் சில்லையும் பொறுக்குவது. அதைப் பிள்ளைகளையும் பெற்றோரையும் சேர்த்து வரிசையாக நடக்கவிட்டுச் செய்தால் பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நேரம்: காலை ஆறரையிலிருந்து ஏழரை. சித்திரை வைகாசியில் அதற்கு மேல் வெயில் பிள்ளைகளை வாட்டிவிடும். சாயங்காலம் என்றால் ஐந்துக்கு மேல். குடிதண்ணீர்க் குடம் நிழலில் இருக்க வேண்டும். எப்போதும் பெரியவர்கள் இரண்டு பேராவது இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். பெண்பிள்ளைகளை வீட்டிலிருந்து அனுப்புவதற்கு இதைவிடப் பெரிய தைரியம் வேறு கிடையாது.

பொருள்: புளியமுத்துப் பைகள், பழைய துணியைச் சுற்றிக் கட்டிய பந்து, ரப்பர் பந்து, பனைமட்டை, சாக்கு, சைக்கிள் டயர், கோடு போடச் சுண்ணாம்பு. பிடிக்கப் பழகுகிற பிள்ளைக்குப் பந்தைவிடப் புளியமுத்துப் பை நல்லது. உருளாது, துள்ளாது, முகத்தில் பட்டாலும் அவ்வளவாக வலிக்காது. அதனால்தான் கண்ணை மூடுகிற பழக்கம் போகிறது. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் தொகுப்புத் திட்டத்தில் ஊராட்சிகளுக்கு விளையாட்டுச் சாமான்கள் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

நடத்தும் முறையில் நான் விட்டுக்கொடுக்காத விஷயம் ஒன்று உண்டு. எந்தப் பிள்ளையும் வரிசையில் காத்து நிற்கக் கூடாது, 'அவுட்' ஆகி உட்காரவும் கூடாது. பொங்கல் விழாவில் மியூசிக்கல் சேர் வைக்கிறோம் அல்லவா, அதில் முதலில் வெளியே போகிற பிள்ளை யார்? சுற்றிலும் ஓடத் தடுமாறுகிற பிள்ளை. அதிகம் பழக வேண்டிய பிள்ளைதான் அதிக நேரம் உட்கார்ந்திருக்கிறது. இருபது பிள்ளைகள் இருந்தால் பத்துப் பைகளாவது வேண்டும், இரண்டு பேருக்கு ஒன்று. ஒரே பந்தை வைத்து இருபது பேர் ஆடினால் திறமைசாலிகள் நாலு பேர் ஆடுவார்கள், மற்றவர்கள் நிற்பார்கள். சாக்கு ஓட்டமும் லெமன் ஸ்பூனும் நல்ல ஆட்டங்களே. ஒன்று இரண்டு காலால் குதிக்கவைக்கிறது, மற்றது நிலைகுலையாமல் நடக்கவைக்கிறது. பரிசை எடுத்துவிட்டு, எல்லாரையும் திரும்பத் திரும்ப ஓடவிட்டால் போதும்.

ஒரு காலை நேரம் இப்படிப் போகலாம். வந்ததும் பத்து நிமிடம் தொட்டுப் பிடித்து. முதலில் ஓடி, பிறகு நொண்டியில், பிறகு பக்கவாட்டில். அப்புறம் அன்றைக்கு எடுத்த ஒரே ஒரு திறனுக்கு இருபது நிமிடம். எறிதல் என்றால் எறிதல் மட்டும். கோட்டில் நின்று சுவரில் எறிவது, ஜோடியாக எறிந்து பிடிப்பது, ஓட்டாஞ்சில்லை அடுக்கிவைத்து அடித்துச் சரிப்பது. பிறகு அந்தத் திறன் வருகிற ஓர் ஆட்டம், அரை மணி வரை. கடைசியில் ஒற்றைக் காலில் நிற்கிற போட்டி வைத்தால் சத்தம் தானாக அடங்கும். வீட்டுக்குப் போகும்போது ஆளுக்கொரு கோவில்பட்டிக் கடலைமிட்டாய் கொடுத்தால் அடுத்த வாரம் கூப்பிடாமலே வருவார்கள்.

வரும் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுபோல இருக்க மாட்டார்கள். நான்கு விஷயங்களை மாற்றிப் பார்த்து எந்தப் பிள்ளையையும் ஆட்டத்துக்குள் கொண்டுவரலாம்: இடம், செய்ய வேண்டிய வேலை, பொருள், உடன் ஆடுகிற ஆள். தூரத்தைக் குறைக்கலாம். ஒரு கையால் பிடிப்பதற்குப் பதில் நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லலாம். பெரிய பந்தோ மெதுவாக வருகிற பலூனோ கொடுக்கலாம். பொறுமையுள்ள ஜோடியைச் சேர்க்கலாம். பார்வை இல்லாத பிள்ளைக்குப் பந்துக்குள் சலங்கை வைத்துத் தைக்கலாம். காது கேளாத பிள்ளைக்கு விசிலுக்குப் பதிலாகச் சிவப்புத் துணியை ஆட்டலாம். சக்கர நாற்காலியில் இருக்கிற பிள்ளைக்கும் எறிதலில் தோள் திரும்புவதும் கை குறுக்கே இறங்குவதும் அப்படியே பொருந்தும். பார்வையற்றோர், காதுகேளாதோர் பள்ளிகள் நெடுங்காலமாக இருக்கும் பாளையங்கோட்டையில் இதில் அனுபவம் உள்ள ஆசிரியர்கள் கிடைப்பார்கள், கேட்டால் சொல்லிக்கொடுப்பார்கள்.

"அண்ணாச்சி, எம்பையனை எப்ப மேட்ச்ல எறக்குவிய?" என்று கேட்டு அப்பாமார் வருவார்கள். அவர்களை ஓரம்கட்டாமல் பொட்டலிலேயே நிற்கவைத்துப் பையனின் எறிதலைக் காட்டி, இந்தக் கால் மாறியதும் எந்த ஆட்டத்துக்கு வேண்டுமானாலும் அவன் போகலாம் என்று விளக்கினால் புரிந்துகொள்கிறார்கள். அவர்களில் சிலர் அடுத்த வாரம் தாங்களே பை தைத்துக்கொண்டு வருகிறார்கள்.

பள்ளியின் பங்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பி.இ.டி. பீரியட் பாடம் நடத்தப் போய்விடுவதும், பல தொடக்கப்பள்ளிகளில் பி.டி. சாரே இல்லாததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். மத்திய அரசின் கேலோ இந்தியா உடல்தகுதிச் சோதனையில் ஐந்து முதல் எட்டு வயதுப் பிள்ளைகளுக்கு உயரம், எடையோடு ஒற்றைக் காலில் நிற்கும் சோதனையும் இரண்டு தட்டுகளை மாற்றி மாற்றித் தொடும் சோதனையும் வைத்திருக்கிறார்கள். நல்ல தொடக்கம். ஆனால் எறிவதும் பிடிப்பதும் அதில் இல்லை. ஊர் அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பெரியவர்களுக்கும் இடம் உண்டு

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறுவயதில் கற்றால் எளிது, அவ்வளவே. ஐம்பதிலும் கற்கலாம், கற்கவும் வேண்டும். ஆலங்குளம், கடையம், முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற பெண்கள் காலை முதல் மாலை வரை மடியில் தட்டை வைத்துக் குனிந்தே இருக்கிறார்கள். இடுப்பும் தோளும் இறுகிப்போகின்றன. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு பொட்டலுக்கு வருகிற அம்மாவையும் பையை எறியச் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவார், பிறகு பிள்ளையோடு போட்டி போடுவார்.

வயதானவர்களுக்கு மூன்றாவது வகை, அதாவது நிலைகுலையாமல் இருப்பது, உயிர்காக்கும் விஷயம். உலகில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் கீழே விழுந்து இறந்துபோவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அறுபது வயதைத் தாண்டியவர்களே அதில் அதிகம். 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது நிலைத்து நிற்கவும் வலுவாக இருக்கவும் பயிற்சி செய்ய வேண்டும் என்பது அவர்களின் பரிந்துரை. கைக்கு எட்டுகிற தூரத்தில் வேப்பமரமோ சுவரோ இருக்கும்படி நின்று, ஒரு காலைச் சிறிது தூக்கிப் பத்து எண்ணுவது, தரையில் உட்கார்ந்து எழுவது, கோட்டின்மேல் குதிகாலும் விரலும் ஒட்ட நடப்பது. பேரப்பிள்ளைகள் ஆடும் ஒரு மணி நேரத்தில் தாத்தாவும் ஆச்சியும் ஓரத்தில் இதைச் செய்யலாம். வடலிவிளையில் பொங்கலுக்கு இளவட்டக்கல் தூக்குகிற பெண்களைப் பார்த்தவர்களுக்கு, பெண்களுக்கு ஏன் இதெல்லாம் என்ற கேள்வியே வராது.

முன்னேற்றத்தை எப்படிப் பார்ப்பது?

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். பிள்ளையின் பெயருக்கு ஒரு பக்கம். தொடங்கும் மாதத்தில் ஆறு திறன்களை மட்டும் பாருங்கள்: ஓட்டம், நொண்டி, குதித்து இறங்குவது, எறிவது, பிடிப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. ஒவ்வொன்றிலும் மூன்று விஷயம். எறிதலுக்கு எதிர்க்கால், இடுப்பு, கை குறுக்கே இறங்குவது. பிடிப்பதற்குக் கண் திறந்திருக்கிறதா, கைகள் பந்தை நோக்கி நீளுகின்றனவா, நெஞ்சில் அணைக்காமல் கையாலேயே பிடிக்கிறதா. நொண்டிக்குத் தூக்கிய கால் வீசி வேகம் கொடுக்கிறதா, கை துணைக்கு வருகிறதா, இரண்டு காலாலும் தனித்தனியே வருகிறதா. ஓட்டத்துக்கு இரண்டு காலும் ஒரு கணம் தரையைவிட்டு எழும்புகின்றனவா, கை முழங்கையில் மடங்கியிருக்கிறதா, கை ஒன்றும் கால் ஒன்றுமாக எதிரெதிரே போகிறதா. குதித்து இறங்கும்போது இரண்டு காலும் ஒன்றாகத் தரை தொடுகின்றனவா, முழங்கால் மடங்குகிறதா, இறங்கியபின் தள்ளாடாமல் நிற்கிறதா. ஒற்றைக் காலில் நிற்கும்போது பார்வை ஓரிடத்தில் நிலைக்கிறதா, தூக்கிய கால் மற்றக் காலில் ஊன்றாமல் இருக்கிறதா, பத்து எண்ணும் வரை தாங்குகிறதா.

வந்தால் ஒரு புள்ளி, வராவிட்டால் வெற்றிடம். மதிப்பெண்ணும் வேண்டாம், தரவரிசையும் வேண்டாம். நோட்டைப் பிள்ளைகளுக்கு நடுவே வாசித்துக் காட்டவும் வேண்டாம். மூன்று மாதம் கழித்து அதே பக்கத்தில் வேறு நிற மையால் மறுபடி குறியுங்கள். எந்தத் திறனில் நிறையப் பிள்ளைகளுக்கு வெற்றிடம் இருக்கிறதோ, அடுத்த மூன்று மாதத்துக்கு அந்த இருபது நிமிடத்தை அதற்குக் கொடுங்கள்.